ஸ்லேட் முனை அந்துப்பூச்சிக்குப் பெயர் வைத்த விவரம்

வெலிங்டன்
1925 நவம்பர் 14

அன்புள்ள தங்கை எல்ஸ்பெத்துக்கு,

நானும் முரியலும் நலம். அவளுக்கு மட்டும் முதுகுவலி. டாக்டர் அதற்குக் காரணம் தெற்குக் காற்று என்கிறார். என் பூச்சிப் பெட்டிகளைத் தூக்கித் துடைத்ததுதான் காரணம் என்கிறாள் அவள். உன் நலமும், மந்தையின் நலமும், போன குளிரில் ஒழுகிய கூரையின் நலமும் அறிய ஆவல்.

ஒரு நல்ல செய்தி. எங்கள் இயற்கை ஆராய்ச்சிக் கழகத்தின் தலைவர் சர் ஆஸ்வால்ட் பிம், பூச்சிகளுக்கென்றே ஒரு காட்சிசாலை கட்டித் தர முன்வந்திருக்கிறார். இத்தனை காலம் கம்பளியை ஏற்றுமதி செய்தவர், இப்போது அறிவை இறக்குமதி செய்ய விரும்புகிறார். காட்சிசாலைக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டுமல்லவா? பல் மருத்துவனாக ஊரார் வாயையே பார்த்துக் காலம் கழித்தவனுக்கு, வாயே இல்லாத பூச்சிகளோடு மீதி வாழ்க்கை அமைந்தால் வேறென்ன வேண்டும்.

வருகிற ஆகஸ்ட் ஆண்டு விருந்தில் அவருக்கு ஒரு மரியாதை செய்ய நினைக்கிறேன். நம் தம்பி நினியன் போருக்குப் போகுமுன் ஸ்லேட் முனைக் கூழாங்கற்களில் பிடித்து என்னிடம் கொடுத்த சின்னஞ்சிறு அந்துப்பூச்சி நினைவிருக்கும். இந்த நியூசிலாந்தைத் தவிர எங்கும் இல்லாத இனம். இதுவரை யாரும் பெயரிடவில்லை. அதற்கு சர் ஆஸ்வால்டின் நினைவாக 'பிம்மி' என்று லத்தீன் வழக்கில் பெயரிடப் போகிறேன். நினியனின் பெயரை வைப்பதாக அவனிடம் நான் சொன்னது உனக்கு ஞாபகம் வரலாம். ரயில் நிலையத்தில் எல்லோரும் எதையாவது சொல்லி வழியனுப்புவதுதான். அவன் திரும்பி வந்திருந்தால் அவனே சர் ஆஸ்வால்டின் பெயரைத்தான் சொல்லியிருப்பான். தன்னை முன்னே தள்ளிக்கொள்கிற பிள்ளையா அவன்.

குறை ஒன்றுதான். என்னிடம் இருப்பது ஒரே ஓர் ஆண். பெண் பூச்சி இல்லாமல் விவரித்து எழுதினால் கட்டுரை நொண்டும். அந்தக் கரையில் அவனோடு அலைந்தவள் நீ. ஒரு பெண்ணைப் பிடித்து அனுப்பு.

அன்புள்ள அண்ணன்
ஃபெர்கஸ்


ஸ்லேட் முனை
1925 டிசம்பர் 20

அன்புள்ள அண்ணன் ஃபெர்கஸுக்கு,

இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நானும் ஆடுகளும். கூரை இன்னும் ஒழுகுகிறது, ஆனால் வேறு இடத்தில். அண்ணியின் முதுகுக்கு என் அனுதாபத்தைச் சொல்லுங்கள். பெட்டிகளை இனி நீங்களே துடைத்தால் தெற்குக் காற்று நிற்கக்கூடும்.

பதில் தாமதமாகிவிட்டது. உங்கள் கடிதம் வந்தபோது கம்பளி கத்தரிக்கும் வேலை தொடங்கியிருந்தது. அது முடிந்து உட்கார்ந்தபோது எழுத வந்தவை அனுப்பக்கூடியவையாக இல்லை. அதனால் இன்னும் கொஞ்சம் பொறுத்தேன்.

கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்துப் பண்ணை ஹெக்டர் பிர்னி வந்தார். ஆண்டுதோறும் ஆடு மடக்கும் நாய்ப் போட்டி முடிந்த மறுநாள் என்னைக் கல்யாணத்துக்குக் கேட்டுவிட்டு, "சரி, அடுத்த வருஷம் பாப்போம்" என்று தொப்பியைப் போட்டுக்கொண்டு போகிறாரே, அவர்தான்.

"என்ன முகம் இப்படி இருக்கு? யாராவது செத்துட்டாங்களா?" என்றார்.

"ஆமா," என்றேன்.

"எப்போ?"

"ரொம்ப நாளாச்சு. இப்பத்தான் கடுதாசி வந்துது."

அவர் தேநீரைக் குடித்துவிட்டு என் வேலிக் கம்பியை முறுக்கிக் கட்டிவிட்டுப் போனார்.

அன்றைக்கு நினியனின் அலமாரியைத் திறந்தேன். அவனுடைய கம்பளிக் கோட்டில் அந்து விழுந்திருக்கிறது. தோள்பக்கம் சல்லடையாகிவிட்டது. வெயிலில் போட்டு உதறலாம் என்று எடுத்தேன். பிறகு அப்படியே மாட்டிவிட்டேன்.

உங்கள் வேலைக்கு உதவுகிறேன். ஒரு சந்தேகம் மட்டும். கரையில் வாழும் அந்துகளில் சிலவற்றுக்குப் பெண்ணுக்கு இறக்கை இருப்பதில்லை என்று அப்பாவின் நூல்களில் படித்தோமே. இதற்கும் அப்படி இருக்குமோ?

அன்புள்ள தங்கை
எல்ஸ்பெத்


வெலிங்டன்
1926 ஜனவரி 4

அன்புள்ள எல்ஸ்பெத்,

நலம், நலமறிய ஆவல். புத்தாண்டு வாழ்த்துகள். முரியல் இப்போது நிமிர்ந்து நடக்கிறாள். ஆகவே மறுபடி பேசுகிறாள்.

உன் கடிதத்தைக் கழகத்து நண்பர்களிடம் வாசித்துக் காட்டினேன். நன்றாகச் சிரித்தோம். இறக்கையில்லாத பெண்கள் வேறு சில குடும்பங்களில் உண்டுதான். இந்தக் குடும்பத்தில் கிடையாது. கிராமத்துத் தனிமையில் படிப்பு இப்படித்தான் கலங்கிப்போகும். கவலைப்படாதே. பெண் பூச்சி ஆணைப் போலவே இருக்கும். நிறம் சற்று மங்கல், உடல் சற்றுப் பருமன், புத்தி சற்று மந்தம். இயற்கையில் எங்கும் அப்படித்தானே.

பகலில் கற்களைப் புரட்டிக்கொண்டு நேரத்தை வீணாக்காதே. விளக்கு வைத்துப் பிடி. பிடித்ததை உடனே அனுப்பு. விருந்துக்கு முன் கட்டுரை அச்சேற வேண்டும். ஆராய்ச்சிக்கு அவசரம் ஆகாது என்பார்கள். அப்படிச் சொல்பவர்களுக்கு யாரும் காட்சிசாலை கட்டித் தருவதில்லை.

அன்புடன்
ஃபெர்கஸ்


ஸ்லேட் முனை
1926 பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அண்ணி பேசுகிறார் என்று அறிந்து மகிழ்ச்சி. அவர் சொல்வதை யாராவது கேட்கிறார்களா என்று எழுதவில்லையே. இங்கே கோடை நன்றாக இருக்கிறது. நடுப்பகலில் கூழாங்கல் கால் வைக்க முடியாமல் சுடுகிறது. அந்த நேரத்தில்தான் நான் கரைக்குப் போகிறேன், பழக்கதோஷம்.

உங்கள் யோசனைப்படி விளக்கும் வைத்துப் பார்த்தேன். ஒன்று அகப்பட்டது. இத்துடன் அனுப்புகிறேன். பெண். நினியன் பழக்கமாக இருந்த இடத்திலேயேதான் கிடைத்தது. அது என்ன இனம் என்று சொல்ல நான் யார். நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

தபாலாபீஸ் மிஸஸ் கௌ பெட்டியைக் குலுக்கிப் பார்த்தார்.

"உள்ள என்னம்மா?"

"பூச்சி."

"உசிரோடவா?"

"இல்ல."

"அப்போ வலிக்காது," என்று முத்திரையை ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். எனக்குத்தான் கொஞ்சம் வலித்தது. ஆனால் தடுக்கவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். சிவப்புச் சீட்டை ஆண் பூச்சிக்குத்தானே வைப்பீர்கள்? சிவப்புச் சீட்டு எந்தப் பூச்சியின் ஊசியில் ஏறுகிறதோ அந்தப் பூச்சியோடுதான் பெயர் போகும் என்று நீங்கள்தான் எங்களுக்குச் சொல்லித் தந்தீர்கள். ஆணின் ஊசியில் ஏற்கெனவே நினியனின் கையெழுத்தில் ஒரு சீட்டு இருக்கிறது: 'ஸ்லேட் முனை, பிடித்தது நி. ரென்விக்.' பெயரை வேறொருவருக்குக் கொடுத்தாலும், சிவப்புச் சீட்டுக்குக் கீழே அவன் கையெழுத்தாவது இருக்கட்டுமே. என் வேண்டுகோள் இது ஒன்றுதான்.

அன்புள்ள
எல்ஸ்பெத்


வெலிங்டன்
1926 மார்ச் 9

அன்புள்ள எல்ஸ்பெத்,

இங்கே அனைவரும் நலம். பூச்சி வந்து சேர்ந்தது. மிஸஸ் கௌவின் அன்பினால் வயிற்றுப்பகுதி பொடியாகிவிட்டது. இறக்கைச் செதில்களும் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டன. இருந்தாலும் அனுபவமுள்ள கண்ணுக்கு அது போதும். மங்கல், பருமன் — நான் எழுதியது எழுதியபடியே. இறக்கைகள் இருக்கின்றன என்பதைச் சிரமம் பாராமல் கவனித்துக்கொள்வாய் என்று நம்புகிறேன்.

சிவப்புச் சீட்டைப் பற்றி: யோசித்தேன். நினியனின் எழுத்து மங்கிவிட்டது, தவிரவும் கோணல். சர் ஆஸ்வால்ட் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும்போது அவர் பெயருக்கு அடியில் ஒரு பட்டாளத்துப் பையனின் கிறுக்கல் தெரிவது நன்றாயிராது. அவன் யார், எப்போது பிடித்தான், ஏன் இத்தனை காலம் கிடந்தது என்றெல்லாம் கேள்வி வரும். ஆகையால் மூல மாதிரியாகப் பெண்ணையே வைத்துச் சிவப்புச் சீட்டை அதற்கே குத்திவிட்டேன். பிடித்தவர் என்ற இடத்தில் 'ஆசிரியரின் முயற்சியால்' என்று போட்டிருக்கிறேன். முயற்சி செய்யச் சொன்னது நான்தானே.

நீ வருத்தப்பட மாட்டாய். சின்ன வயதிலிருந்தே உனக்குப் பெருந்தன்மை உண்டு.

அன்புடன்
ஃபெர்கஸ்


ஸ்லேட் முனை
1926 மார்ச் 16

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உங்கள் நலமறிய ஆவல்.

உங்கள் முடிவுக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. கட்டுரை அச்சானதும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

எல்ஸ்பெத்


வெலிங்டன்
1926 ஆகஸ்ட் 22

அன்பும் அருமையும் உள்ள எல்ஸ்பெத்துக்கு,

ஐந்து மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. குளிரில் நலமாக இருக்கிறாய் என்று எண்ணுகிறேன். ஆண்டு மலரின் பிரதி கிடைத்திருக்கும். என் கட்டுரை முதலாவது, படத்தோடு.

விருந்து பிரமாதம். பிளஃப் துறைமுகத்துச் சிப்பி, ஆட்டுக்கால் வறுவல், அதற்குப் பிறகு நான். பூச்சியை வெல்வெட் பெட்டியில் வைத்துச் சர் ஆஸ்வால்டின் கையில் கொடுத்தேன். சிவப்புச் சீட்டைப் பார்த்ததும் அவர் முகமும் அதே நிறத்துக்கு வந்தது.

"ரென்விக், இது என்னய்யா திங்கும்?" என்று கேட்டார்.

"இன்னும் தெரியலீங்க சார். ஆராய்ச்சி நடந்துக்கிட்டிருக்கு."

"என்னை மாதிரியே இருக்கு. என்ன திங்கிறேன்னு நானும் யாருக்கும் சொல்றதில்ல."

மண்டபமே சிரித்தது. சிரிக்காதவர்கள் அவரிடம் வேலை பார்க்காதவர்கள். பொறுப்பாளர் பதவியைப் பற்றி, "அத விடு, அது உன் வீட்டுச் சொத்து மாதிரி" என்று என் தோளில் தட்டினார். அடுத்த மாதம் என் பல் மருத்துவ நாற்காலியை விற்றுவிடப் போகிறேன். இதில் உன் பங்கும் இருக்கிறது என்பதைக் கட்டுரையின் அடிக்குறிப்பில் 'உள்ளூர் உதவி' என்று குறித்திருக்கிறேன். பார்த்தாயா?

அன்பு அண்ணன்
ஃபெர்கஸ்


ஸ்லேட் முனை
1926 செப்டம்பர் 5

அன்புள்ள அண்ணன் ஃபெர்கஸுக்கு,

நலம். ஆட்டுக்குட்டிகள் பிறந்துகொண்டிருக்கின்றன. அண்ணிக்கு என் அன்பு.

மலர் கிடைத்தது. இருமுறை படித்தேன். அடிக்குறிப்பையும் பார்த்தேன். உங்களை மனமாரப் பாராட்டுகிறேன். அந்தப் பெண் பூச்சியின் இறக்கை, கொம்பு, தலை மயிர் எல்லாவற்றையும் ஒரு பிழையில்லாமல் வரைந்து விவரித்திருக்கிறீர்கள். அதைப் படித்தால் எந்த வீட்டுப் பெண்ணும் அடையாளம் கண்டுகொள்வாள். ஏனென்றால் அது நினியனின் கம்பளிக் கோட்டின் இடது தோளிலிருந்து எடுத்தது.

துணி அரிக்கும் அந்து. ஐரோப்பாவிலிருந்து நம் தாத்தாக்களின் பெட்டியில் வந்து இறங்கியது. நூறு வருடத்துக்கு முன்பே பெயர் வைத்தாகிவிட்டது. நான் பொய் எதுவும் எழுதவில்லை. கடிதங்களைத் திரும்பப் படித்துப் பாருங்கள். பெண் என்றேன், பெண்தான். நினியன் பழக்கமாக இருந்த இடம் என்றேன், அந்தக் கோட்டுக்குள்ளேதானே அவன் எப்போதும் இருந்தான்? இறக்கையைப் பற்றிக் கேட்டேன், சிரித்தீர்கள். சிவப்புச் சீட்டை ஆணுக்கு வையுங்கள் என்று கெஞ்சினேன். வைத்திருந்தால் நினியனின் பூச்சி 'பிம்மி' என்ற பெயரோடு இருந்து தொலைத்திருக்கும், எனக்குத் தோல்வி. நீங்கள் அவன் கையெழுத்தை மறைக்கப் போய், பெயரைக் கோட்டரிக்கும் அந்துக்குக் குத்திவிட்டீர்கள். விதியை நீங்களே சொல்லித் தந்தீர்கள்: பெயர் சிவப்புச் சீட்டோடு போகும்.

உண்மையான பெண்ணுக்கு இறக்கை இல்லை. கமா அளவுக்கு இரண்டு துணுக்குகள். நடுப்பகலில் கல்லோடு ஒட்டிப் படர்ந்த மெத்தைச் செடியில் இருக்கும். கை நீட்டினால் தெள்ளுப்பூச்சி மாதிரி எட்டிக் குதிக்கும். ஒரு டப்பா நிறைய வளர்த்து வைத்திருக்கிறேன்.

இப்போது நினியனின் பூச்சிக்குப் பெயர் இல்லை. ஆகவே நான் வைக்கிறேன். என் கட்டுரையை டனீடினில் ஒரு சிறு இதழ் கோடையில் வெளியிடுகிறது. அச்சில் பூச்சியின் பெயருக்குப் பின்னால் பெயரிட்டவரின் குடும்பப் பெயர் வரும் அல்லவா? 'நினியானி ரென்விக்.' அவன் முழுப் பெயர். அவனுக்குக் கல்லறை இல்லை, இது இருக்கட்டும்.

சர் ஆஸ்வால்ட் கேட்ட கேள்விக்குப் பதில் பாக்கி இருக்கிறதே. கம்பளி தின்னும். சிரமம் வேண்டாம், அவருக்கும் இந்தக் கடிதத்தின் ஒரு நகல் அனுப்பிவிட்டேன்.

அன்புள்ள தங்கை
எல்ஸ்பெத்


வெலிங்டன்
1926 நவம்பர் 18

எல்ஸ்பெத்துக்கு,

நலம் என்று எழுதுவது வழக்கம். எழுதிவிட்டேன்.

நடந்ததை அறிய உனக்கு ஆவல் இருக்கும். சர் ஆஸ்வால்ட் என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு நிற்கவைத்துப் பேசினார்.

"உலகத்துல இருக்கிற கம்பளியெல்லாம் திங்கிற சனியனுக்கு என் பேராய்யா?"

"மாத்த முயற்சி பண்றேன் சார்."

"மாத்த முடியுமா?"

"விதிப்படி முடியாதுங்க."

"லண்டன்ல மூட்டையப் பிரிக்கிறவன், 'பிம் இருக்கான்னு நல்லா உதறிப் பாரு'ங்கிறானாம். எனக்குத் தந்தி வருது."

காட்சிசாலை கட்டவிருந்த இடத்தில் பாண்டு வாத்திய மேடை வருகிறது. நாற்காலியை வாங்கியவன் திருப்பித் தர மறுக்கிறான். முரியல் உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தாள். முதுகு வலிக்கும் அளவுக்குச் சிரித்தாள். அதை நான் மறக்கப் போவதில்லை.

உன் கட்டுரையைத் தடுப்பேன் என்று நினைத்திருப்பாய். மாட்டேன். தாராளமாக அச்சிடு. 'நினியானி ரென்விக்' — அழகான பெயர். ஆனால் ஒன்று யோசித்தாயா? பெயரிட்டவரின் குடும்பப் பெயர் மட்டும்தான் நிற்கும், தலைப்பெழுத்து நிற்காது. பூச்சிகளைப் பற்றி எழுதும் ரென்விக் என்று இந்த நாட்டிலும் லண்டனிலும் அறியப்பட்டவன் நான் ஒருவன்தான். இன்னும் ஐம்பது வருடம் கழித்து அதைப் படிக்கிறவன், 'பாவம், ஒரு தவறு செய்தாலும் தம்பியின் நினைவுக்குத் தானே முன்வந்து பெயர் வைத்தவர்' என்று என்னைத்தான் நினைப்பான். உன் உழைப்பு, என் பெயர். நான் ஒரு சுண்டுவிரலும் அசைக்க வேண்டியதில்லை.

உன் பெருந்தன்மைக்கு நன்றி.

ஃபெர்கஸ்


ஸ்லேட் முனை
1926 டிசம்பர் 13

அன்புள்ள அண்ணன் ஃபெர்கஸுக்கு,

நலம். உங்கள் நலம் அறிந்தேன். அண்ணியின் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் நல்லது. சிரிப்பும் நல்லதுதான், தொடரச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் கையிலேயே வைத்திருந்தேன். நீங்கள் சொன்னது சரி. நான் யோசிக்கவில்லை. 'நினியானி ரென்விக்' என்று ஒரு தாளில் எழுதி மேசைமேல் வைத்துப் பார்த்தேன். அவன் வாசலில் நின்று தன் பெயரைச் சொல்வது மாதிரி இருந்தது. பிறகு தாளை அடுப்பில் போட்டுவிட்டு, வேலியைத் தாண்டி ஹெக்டர் பிர்னியின் பண்ணைக்குப் போனேன். ஆட்டின் குளம்பைச் சீவிக்கொண்டிருந்தார்.

"ஹெக்டர், போன நாய்ப் போட்டிக்கு அப்புறம் கேட்டீங்களே, அது இன்னும் இருக்கா?"

"இருக்கு. அடுத்த போட்டிக்கு இன்னும் நாள் கிடக்கே. என்ன அவசரம்?"

"எனக்கு உங்க பேரு வேணும். கட்டுரை அச்சுக்குப் போகுது."

கத்தியை வைத்துவிட்டு விவரமாகக் கேட்டார். சொன்னேன். உங்கள் கடிதத்தையும் வாசித்துக் காட்டினேன்.

"அப்ப ஆட்டுக் காதுல குறி மாத்துற மாதிரி," என்றார். "பேரு மட்டும் போதுமா, ஆளும் வேணுமா?"

"பேரு இப்ப. ஆளப் பத்திப் பழகிட்டுச் சொல்றேன்."

"சரி. எனக்கும் அவசரமில்ல." கத்தியை எடுத்துத் துடைத்துக்கொண்டே, "'நினியானி பிர்னி'ன்னா உன் தம்பி என் வீட்டுப் பையன்னு ஆயிடுமே. பரவால்லயா?" என்றார்.

"ஒரு நல்ல ஆளோட வீடா இருந்தாப் போதும்."

"அப்படி யாராவது இருந்தா சொல்லு," என்று மறுபடியும் குளம்பைப் பிடித்தார்.

போதகருக்குத்தான் சங்கடம். "இவ்வளவு சீக்கிரமாவாம்மா?" என்று என் இடுப்பை ஒரு பார்வை பார்த்தார். "அச்சாபீஸ்லேருந்து புரூஃப் வந்துடுச்சு, ஐயா," என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, சனிக்கிழமையே நடத்திக் கொடுத்தார். மிஸஸ் கௌ ஆர்கன் வாசித்தார், முத்திரை குத்துகிற கையாலேயே. விருந்தில் உங்களை யாரும் விசாரிக்கவில்லை.

இன்று காலை புரூஃபில் ஒரே ஒரு சொல்லைத் திருத்தித் தபாலில் சேர்த்தேன். அவனுடைய குடும்பப் பெயரை என் கையாலேயே அடித்தேன். அது சுலபமாக இருந்தது என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெயர் இனி உங்களுக்குத்தான். முழுவதும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பூச்சி உலகில் அது கோட்டரிக்கும் அந்துக்கு இரண்டாம் தடவை பெயர் வைத்தவரின் பெயராக, 'பிம்மி'க்குப் பின்னால், அச்சு இருக்கும்வரை நிற்கும். தலைப்பெழுத்து இல்லாததால் யாரும் என்னைச் சந்தேகிக்கப் போவதில்லை.

என்றும் உங்கள் நலம் நாடும்
எல்ஸ்பெத் பிர்னி